விமான டிக்கெட்: ஏஜென்டிடம் வாங்கலாமா, நாமே வாங்கலாமா?

(நம் சங்கத்தின் மூத்த குடிமக்கள் குழு நடத்திய மாலைக் கூட்டத்தில், டிராவல் ஏஜென்சி ஒன்றின் டிக்கெட் பிரிவில் முப்பத்து மூன்று ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் ‘சி’ பிளாக் குடியிருப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். வர இயலாதவர்களுக்காக, அவரே ஒருமுறை பார்த்துத் திருத்தித் தந்ததை வெளியிடுகிறோம்.)



செயலாளர் சார் என்னைப் பேசக் கூப்பிட்டபோது, “பதினைந்து நிமிஷம் போதும் சார், சுண்டல் ஆறிவிடும்” என்றார். சுண்டல் ஆறாமல் முடிக்கப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. பிள்ளையோ பெண்ணோ வெளிநாட்டில் இருப்பவர்கள் கை தூக்குங்கள். பாருங்கள், பாதிக்கு மேல். அடுத்த கேள்வி: உங்கள் டிக்கெட்டை நீங்களே வாங்கியவர்கள்? நான்கு பேர். மற்றவர்களுக்குப் பிள்ளை வாங்கி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பான், இல்லாவிட்டால் தெருமுனை டிராவல்ஸ்காரர் வாங்கித் தந்திருப்பார். தப்பில்லை. ஆனால் அந்த டிக்கெட்டில் யாருடைய செல்போன் நம்பர் இருக்கிறது என்று பார்த்தீர்களா? இதற்கு ஒரு கையும் எழவில்லை. நான் இன்று பேச வந்ததே அதைப் பற்றித்தான்.

நான் 1984-இல் மவுண்ட் ரோட்டில் ஒரு டிராவல் ஏஜென்சியில் சேர்ந்தேன். அப்போது டிக்கெட் என்றால் கார்பன் வைத்துக் கையால் எழுதும் புத்தகம். விமான நேரம் பார்க்கத் தலையணை போல ஒரு புத்தகம் வரும். இருக்கை இருக்கிறதா என்று விமான நிறுவனத்துக்குப் போன் போட்டுக் காத்திருப்போம். அந்தக் காலத்தில் “நாமே வாங்கலாமா” என்ற கேள்வியே கிடையாது. வெளிநாட்டு டிக்கெட் ஒன்றுக்கு விமான நிறுவனம் எங்களுக்கு 9 சதவீதம் கமிஷன் தரும். உங்களிடம் நாங்கள் தனியாக ஒன்றும் வாங்க மாட்டோம். காபியும் கொடுத்து அனுப்புவோம்.

அந்த 9 பிறகு 7 ஆனது, 5 ஆனது. 2008-ஐ ஒட்டி ஏறக்குறைய பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. அதே 2008 ஜூன் 1 முதல், உலக விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டா காகித டிக்கெட்டை நிறுத்தி முழுக்க மின் டிக்கெட்டுக்கு மாறியது. அதாவது, ஏஜென்டுக்குச் சம்பளம் கொடுத்துவந்த முதலாளி விலகிக்கொண்டார். அதே சமயம் டிக்கெட் உங்கள் செல்போனுக்கே வர ஆரம்பித்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இன்றைக்கு ஒரு ஏஜென்ட் உங்களிடம் டிக்கெட்டுக்கு 300 ரூபாயோ 500 ரூபாயோ சேவைக் கட்டணம் கேட்டால் கோபப்படாதீர்கள். அவருக்கு இப்போது வருமானம் அதுதான். ஒன்றுமே வேண்டாம், விமான நிறுவன விலையை விடக் குறைவாகவே தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அப்போதுதான் எப்படி என்று கேட்க வேண்டும். மொத்தமாகப் பேசி வாங்கிய குரூப் இருக்கையாக இருக்கலாம். அது நியாயமானதே, ஆனால் ரத்து செய்யவோ தேதி மாற்றவோ முடியாமல் போகலாம். வேறு யாரோ ஒருவருடைய கிரெடிட் கார்டில் வாங்கியதாகவும் இருக்கலாம். அது போலீஸ் விவகாரம்.

வாங்க மூன்று கதவுகள்

டிக்கெட் வாங்க மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, விமான நிறுவனத்தின் சொந்த இணையதளம் அல்லது செயலி. இரண்டு, முகம் தெரிந்த ஏஜென்ட். மூன்று, இணையத்தில் மட்டும் இருக்கும் டிக்கெட் தளங்கள். அவற்றிலும் பெரிய, பெயர் தெரிந்த தளம் வேறு. விலை ஒப்பிடும் பக்கத்தில் எல்லாருக்கும் கீழே 1,200 ரூபாய் குறைத்துக் காட்டும் பெயர் கேள்விப்படாத தளம் வேறு.

விலையைப் பற்றி நீண்ட நேரம் பேச மாட்டேன். ஏனென்றால் பெரும்பாலும் மூன்று இடத்திலும் விலை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஒப்பிடும்போது கடைசிப் பக்கத் தொகையை ஒப்பிடுங்கள். முதல் பக்கத்தில் ஒரு விலை, கடைசியில் ‘கன்வீனியன்ஸ் ஃபீ’, நீங்கள் கேட்காமலே சேர்ந்திருக்கும் இன்சூரன்ஸ், இருக்கைக்குக் காசு எனக் கூடிக்கொண்டே போகும். கேட்காததைக் கூடையில் சேர்ப்பது, “இன்னும் இரண்டே இருக்கை” என்று பொய்யாக அவசரப்படுத்துவது ஆகியவற்றை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் தவறான வணிக முறை என்றே பட்டியலிட்டிருக்கிறது. இருந்தாலும் நாமும் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும்.

பெட்டியையும் பாருங்கள். உள்நாட்டில் பொதுவாக 15 கிலோ செக்-இன், 7 கிலோ கையில். அமெரிக்காவுக்கு இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் 23 கிலோ என்று நாம் பழகியிருக்கிறோம். இப்போது ‘லைட்’, ‘பேசிக்’ என்று ஒரே விமானத்திலேயே மலிவான ரகம் விற்கிறார்கள். அதில் ஒரு பெட்டிதான் இருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது. ஊறுகாய், பொடி, பேரனுக்கு வெள்ளிக் கிண்ணம் எல்லாம் கட்டி வைத்த பிறகு கவுன்ட்டரில் இது தெரிந்தால், மிச்சப்படுத்தியதைப் போல இரண்டு மடங்கு அங்கே கட்டுவீர்கள்.

விலை இவ்வளவுதான். உண்மையான வித்தியாசம், எல்லாம் ஒழுங்காக நடக்கும்போது தெரியாது. விமான நேரம் மாறும்போது, ரத்தாகும்போது, வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போகும்போதுதான் தெரியும்.

நான் செய்த தவறு

இதை இதுவரை நான் மேடையில் சொன்னதில்லை.

2011-ஆம் ஆண்டு. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் எங்களிடம் சிங்கப்பூருக்கு டிக்கெட் வாங்கினார். தங்கை அங்கே மருத்துவமனையில். ஞாயிறு இரவு விமானம். நான்தான் டிக்கெட் போட்டேன். போன் நம்பர் கேட்கும் இடத்தில் எங்கள் அலுவலக நம்பர், எங்கள் அலுவலக மின்னஞ்சல். அந்த அம்மாவின் நம்பர் என் மேஜை மேலேயே இருந்தது.

ஏன் போடவில்லை? மறதி இல்லை. அது எங்கள் பழக்கம். பயணியின் நம்பரைக் கொடுத்தால் விமான நிறுவனம் அடுத்த முறை நேராக அவருக்கே ஆஃபர் அனுப்பும், வாடிக்கையாளர் கை நழுவிப் போய்விடுவார் என்று எங்களுக்குப் பயம். தொழிலில் நிறையப் பேர் அப்படித்தான் செய்தோம். இன்றும் செய்பவர்கள் இருக்கிறார்கள்.

சனிக்கிழமை மாலை, நாங்கள் கடையை மூடிய பிறகு, விமானம் இரண்டு மணி நாற்பது நிமிடம் முன்னால் கிளம்பும் என்று சேதி வந்தது. வந்தது எங்கள் அலுவலகத்துக்கு. ஞாயிறு விடுமுறை. அந்த அம்மா பொறுப்பாகப் பழைய நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே விமான நிலையம் போய்விட்டார். அங்கே விமானம் கிளம்ப இன்னும் இருபது நிமிடம்தான். கவுன்ட்டர் மூடிவிட்டது.

மறுநாள் இரவு விமானத்தில் அனுப்பினோம். தங்கை அன்று மத்தியானமே போய்விட்டார்.

ஒரு மாதம் கழித்து அலுவலகத்துக்கு வந்தார். கத்தவில்லை. பணம் கேட்கவில்லை. “சார், என் நம்பரை ஏன் போடலை?” என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இருந்த பதிலைச் சொல்ல வாய் வரவில்லை.

அதனால்தான் கேட்டேன், உங்கள் டிக்கெட்டில் யாருடைய நம்பர் இருக்கிறது என்று. விமானம் ரத்தானால் பயணிக்கு நஷ்ட ஈடு தரச் சொல்லும் டி.ஜி.சி.ஏ. விதியிலேயே, தொடர்பு விவரம் சரியாகக் கொடுக்காதவருக்கு அது கிடையாது என்று இருக்கிறது. ஏஜென்ட் தன் நம்பரைப் போட்டுக்கொண்டால் சேதியும் போகும், உரிமையும் போகும்.

நாமே வாங்கினால் எல்லாம் சரியாகிவிடுமா?

இதைக் கேட்டுவிட்டு ஏஜென்டே வேண்டாம் என்று முடிவு செய்யாதீர்கள். மறுபக்கத்தையும் சொல்கிறேன்.

நம் வளாகத்திலேயே ஒரு தம்பதி. அவர்களிடம் அனுமதி வாங்கிவிட்டுத்தான் சொல்கிறேன். மகன் இணையத்தில் தேடி, சென்னை–மும்பை ஒரு நிறுவனம், மும்பை–நியூயார்க் வேறொரு நிறுவனம் என்று இரண்டு தனித்தனி டிக்கெட்டாக வாங்கினான். 14,000 ரூபாய் மிச்சம். நடுவில் மூன்றரை மணி நேர இடைவெளி. போதும் என்று நினைத்தான்.

சென்னை விமானம் இரண்டு மணி நேரம் தாமதம். மும்பையில் இறங்கி, பெட்டிகளை எடுத்து, இன்னொரு டெர்மினலுக்குச் சாலை வழியாகப் போய்ச் சேர்ந்தபோது நியூயார்க் கவுன்ட்டர் மூடியாகிவிட்டது. முதல் நிறுவனம், “மும்பைக்குக் கொண்டுவந்துவிட்டோமே” என்றது. இரண்டாவது, “நீங்கள் வரவில்லை, ‘நோ ஷோ’” என்றது. சட்டப்படி இரண்டு பேர் சொன்னதும் சரி. ஒரே டிக்கெட்டாக இருந்திருந்தால், முதல் விமானம் தாமதமானதற்கு அடுத்த விமானத்தில் இடம் தருவது அவர்கள் பொறுப்பு. பெட்டியும் சென்னையில் போட்டால் நியூயார்க்கில்தான் எடுக்க வேண்டியிருந்திருக்கும். 14,000 மிச்சப்படுத்தப் போய் இருவருக்கும் புது டிக்கெட். எழுபது வயதில் விமான நிலைய நாற்காலியில் ஓர் இரவு.

இதே தவறு வெளிநாட்டு விமான நிலையத்தில் நடந்தால் இன்னும் மோசம். தனித்தனி டிக்கெட் என்றால் நடுவில் குடியேற்றப் பிரிவைத் தாண்டி வெளியே வந்து பெட்டியை எடுக்க வேண்டியிருக்கும். அதற்கு அந்த நாட்டு விசா வேண்டும். விசா இல்லாவிட்டால் சென்னையிலேயே ஏற்ற மாட்டார்கள். மலிவாகக் காட்டும் தளங்களில் ‘செல்ஃப் டிரான்ஸ்ஃபர்’ என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்தச் சொல்லைப் பார்த்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். ஒரு நல்ல ஏஜென்ட் இப்படி ஒரு டிக்கெட்டை உங்களுக்குப் போடவே மாட்டார். அவருக்கு நீங்கள் கொடுக்கும் 500 ரூபாய் அந்த அறிவுக்குத்தான்.

2015 டிசம்பர் வெள்ளம் எல்லாருக்கும் நினைவிருக்கும். ஓடுபாதையில் தண்ணீர், சென்னை விமான நிலையம் சில நாட்கள் மூடிக்கிடந்தது. அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து பயணிகள் விமானம் விட்டார்கள். நகரத்தில் பாதி இடத்தில் போன் இல்லை, கரண்ட் இல்லை. செயலியில் டிக்கெட் வைத்திருந்தவர்களுக்குச் செல்போனில் சார்ஜ் இல்லை. எங்கள் அலுவலகத்திலும் தண்ணீர்தான். ஆனால் பெங்களூரு கிளையில் பயணிகள் பட்டியல் இருந்தது. அங்கிருந்த ஒரே ஒரு பையன் மூன்று நாள் தூங்காமல், ஒவ்வொருவராகப் பெங்களூரிலிருந்து புறப்படும் விமானங்களுக்கு மாற்றினான். எந்த விமான நிறுவனத்தின் கஸ்டமர் கேரும் அன்று அதைச் செய்யவில்லை. தாக்குப்பிடிக்க முடியாத அளவு அழைப்புகள் அவர்களுக்கு.

ஆகவே, நேராக வாங்கினால் டிக்கெட்டின் கடிவாளம் உங்கள் கையில். மாற்றமோ ரத்தோ நீங்களே செய்யலாம், பணமும் நேரே உங்கள் கார்டுக்கு வரும். ஏஜென்ட் மூலம் வாங்கினால் கடிவாளம் அவர் கையில். நீங்கள் விமான நிறுவனத்தைக் கூப்பிட்டால், “ஏஜென்டிடம் கேளுங்கள்” என்பார்கள். ரத்துப் பணமும் முதலில் விமான நிறுவனத்திலிருந்து ஏஜென்டுக்கு, பிறகுதான் உங்களுக்கு. அவர் நல்லவர், போனை எடுப்பவர் என்றால் அது பலம். இல்லையென்றால் அதுவே விலங்கு.

எதற்கு எது?

நான் என் வீட்டில் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன்.

உள்நாட்டுப் பயணம், போக வர, ஒரே நிறுவனம்: விமான நிறுவனத்தின் சொந்தத் தளம். அறுபது வயது தாண்டியவர்களுக்குச் சில நிறுவனங்கள் சலுகை தருகின்றன. அதையும் அங்கேயே பார்த்துவிடலாம்.

வெளிநாடு, ஆனால் ஒரே டிக்கெட், நமக்குப் பழக்கமான வழி: அதுவும் நேராக. பிள்ளை அங்கிருந்து வாங்கினாலும் விமான நிறுவனத்தின் தளத்திலேயே வாங்கச் சொல்லுங்கள். அமெரிக்கா போக வர உள்ள விமானங்களுக்கு அந்த நாட்டு விதி ஒன்று உண்டு. பயணத்துக்கு ஏழு நாளோ அதற்கு மேலோ இருந்தால், வாங்கிய 24 மணி நேரத்துக்குள் பைசா பிடிக்காமல் ரத்து செய்ய விட வேண்டும், அல்லது அந்த விலையில் 24 மணி நேரம் நிறுத்திவைக்க வேண்டும். அந்த விதி விமான நிறுவனத்தைத்தான் கட்டுப்படுத்தும், ஏஜென்டை அல்ல. நம் நாட்டிலும் 2019-இல் வந்த பயணியர் சாசனத்தில் இதே போல 24 மணி நேர வசதி தரப்பட்டது. இந்த விதிகளை அவ்வப்போது மாற்றுகிறார்கள்; வாங்கும் அன்றைக்கு ஒருமுறை படித்துவிடுங்கள்.

மூன்று நான்கு ஊர், இரண்டு நிறுவனம், சஷ்டியப்த பூர்த்திக்கோ காசிக்கோ பத்துப் பேருக்கு மேல் சேர்ந்து போவது, முதல்முறை தனியாகப் போகும் அம்மா: இதற்கெல்லாம் ஏஜென்ட். கடை இருக்க வேண்டும், ரசீது தர வேண்டும், ராத்திரியில் போன் எடுப்பாரா என்று ஏற்கனவே வாங்கியவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெயர் தெரியாத மலிவுத் தளம்: எதற்கும் வேண்டாம்.

இனிஷியல் தொல்லை

இது நம்மவர்களுக்கென்றே உள்ள சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் சிலருக்கு அப்பா பெயர் ‘சர்நேம்’ இடத்தில் இருக்கும், சிலருக்கு அந்த இடமே காலியாக இருக்கும். டிக்கெட் படிவமோ முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டும் இல்லாமல் நகராது. அங்கே வெறும் ‘கே’ என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படியே, எழுத்துக்கு எழுத்து. சர்நேம் காலியாக இருந்தால் என்ன போட வேண்டும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சிலர் பெயரையே இரண்டு முறை போடச் சொல்வார்கள். கேட்டுவிட்டுப் போடுங்கள்.

2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களைச் சுற்றுலா விசாவிலும் விசிட் விசாவிலும் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. பிறகு அதற்கு விளக்கங்கள் வந்தன. அந்த மாதிரி நேரத்தில் இது தெரிந்த ஒரு ஏஜென்ட் தங்கம்.

இன்னொன்று. விமான நிலையத்தில் சர்நேமைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அதாவது உங்கள் அப்பா பெயரை. “அவர் போய் இருபது வருஷம் ஆச்சே, யாரையோ கூப்பிடுகிறார்கள்” என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.

டிக்கெட் வந்ததும் செய்ய வேண்டியவை

யாரிடம் வாங்கினாலும் சரி, டிக்கெட் கைக்கு வந்த அன்றே பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

1. விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தைத் திறந்து, ஆறு எழுத்து பி.என்.ஆரையும் சர்நேமையும் போட்டுப் பாருங்கள். ஏஜென்ட் தந்தது அவருடைய எண்ணாக இருந்தால் திறக்காது. விமான நிறுவனத்தின் பி.என்.ஆரைக் கேட்டு வாங்குங்கள்.

2. டிக்கெட் எண் இருக்கிறதா பாருங்கள். பி.என்.ஆர். என்பது இடம் பிடித்து வைத்ததற்கு அடையாளம். பணம் கட்டி டிக்கெட் போட்டதற்கு அடையாளம் 13 இலக்க எண். முதல் மூன்று இலக்கம் விமான நிறுவனத்தைக் காட்டும்: ஏர் இந்தியா 098, எமிரேட்ஸ் 176, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 618. நம்மிடம் பணத்தை வாங்கிக்கொண்டு வெறும் பி.என்.ஆரைக் கொடுத்து ஏமாற்றுவது பழைய வித்தை. இடம் பிடித்தது ஓரிரு நாளில் தானாக விழுந்துவிடும். சில குறைந்த கட்டண நிறுவனங்களில் 13 இலக்க எண் இருக்காது. அங்கே ‘கன்ஃபர்ம்ட்’ என்று காட்டுகிறதா, பணம் கட்டியாகிவிட்டது என்று இருக்கிறதா பாருங்கள்.

3. உங்கள் செல்போன் நம்பர், உங்கள் மின்னஞ்சல். இல்லாவிட்டால் சேருங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் நம்பர் மட்டும் இருந்தால் போதாது. இங்கே சேதி வரும்போது அவன் அங்கே தூங்கிக்கொண்டிருப்பான்.

4. வீல்சேர் வேண்டுமென்றால் குறைந்தது 48 மணி நேரம் முன்பே பதிவாகியிருக்க வேண்டும். பதிவாகியிருக்கிறதா என்று அதே பக்கத்தில் பாருங்கள்.

5. கிளம்புவதற்கு முந்தின நாளும், கிளம்பும் அன்று காலையும் விமான நேரத்தை மறுபடி பாருங்கள். சேதி வரும் என்று மட்டும் நம்பியிருக்காதீர்கள்.

உதவி எண் வேண்டுமென்றால் கூகுளில் தேடி முதலில் வருவதைக் கூப்பிடாதீர்கள். விமான நிறுவனத்தின் பெயரில் போலி எண்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். ரீஃபண்ட் தருகிறோம் என்று சொல்லி, செல்போன் திரையைப் பகிரும் செயலியை இறக்கச் சொல்வார்கள், அல்லது ஓ.டி.பி. கேட்பார்கள். பணம் கொடுப்பவனுக்கு ஓ.டி.பி. எதற்கு? ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930-ஐக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு வாய்ப்பு.

கேள்வி நேரத்திலிருந்து

கேள்வி: காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை. நாம் தேடுவதைப் பார்த்துத்தான் ஏற்றுகிறார்களா?

பெரும்பாலும் அது காரணமில்லை. ஒரே விமானத்தில் ஒரே மாதிரி இருக்கைகளைப் பல விலை அடுக்குகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள். கீழ் அடுக்கு விற்றுத் தீர்ந்தால் அடுத்த அடுக்கு திறக்கும். ஒரு சூட்சுமம் சொல்கிறேன். நான்கு பேருக்குத் தேடும்போது கீழ் அடுக்கில் மூன்றே இடம் இருந்தால், பொதுவாக நான்கு பேருக்கும் மேல் அடுக்கு விலையைத்தான் காட்டும். மூன்று பேருக்கு ஒருமுறை, ஒருவருக்கு ஒருமுறை எனத் தேடிப் பாருங்கள். ஆனால் தனித்தனியாக வாங்கினால் பி.என்.ஆரும் தனித்தனி, வயதானவரைத் தனி பி.என்.ஆரில் விடாதீர்கள்.

கேள்வி: மலிவு ஆஃபரில் வாங்கினேன். போக முடியவில்லை. ‘நான்-ரீஃபண்டபிள்’ என்று ஒன்றுமே தரவில்லை.

டி.ஜி.சி.ஏ. விதிப்படி, ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகைக்கு மேல் போகக் கூடாது. வரியும் விமான நிலையக் கட்டணமும் உங்களுக்குத் திரும்ப வர வேண்டும். ஆஃபர் டிக்கெட்டுக்கும், போகாமலே விட்ட டிக்கெட்டுக்கும் இது பொருந்தும். கேட்டு வாங்குங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். விட்டுக்கொடுத்தாலும் எவ்வளவு என்று தெரிந்து விடுங்கள். வெளிநாட்டு நிறுவனங்கள் பணம் திருப்புவதில் அவரவர் நாட்டு விதியைப் பின்பற்றலாம்.

கேள்வி: ஏஜென்ட் ரீஃபண்ட் தராமல் இழுத்தடிக்கிறார். விமான நிறுவனமோ அவருக்கு அனுப்பியாகிவிட்டது என்கிறது.

ஏஜென்ட் என்பவர் விமான நிறுவனத்தின் பிரதிநிதி. அவர் மூலம் வாங்கினாலும் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துக்கே என்கிறது அதே விதி. 2020 ஊரடங்கின்போது இந்தச் சண்டை உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த அக்டோபர் 1 அன்று வந்த தீர்ப்பில், ஏஜென்ட் மூலம் வந்த டிக்கெட் பணத்தை ஏஜென்ட் உடனடியாகப் பயணிக்குத் தர வேண்டும் என்று சொன்னார்கள். எனவே இரண்டு பேருக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். பிறகு அரசின் ‘ஏர்சேவா’ தளம், நுகர்வோர் உதவி எண் 1915. ரசீது இல்லாவிட்டால் இது எதுவும் நகராது. கையில் பணம் கொடுத்தால் ரசீது வாங்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள். முடிந்தால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். தகராறு வந்தால் வங்கியிடமும் முறையிட ஒரு வழி இருக்கும்.

கேள்வி: அந்த ஆசிரியை அம்மா பிறகு உங்களிடம் டிக்கெட் வாங்கினாரா?

இல்லை. வாங்கவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

அவர் வந்துபோன மறுநாளிலிருந்து நான் போட்ட ஒவ்வொரு டிக்கெட்டிலும் பயணியின் நம்பரைப் போட்டேன். முதலாளி திட்டினார். சில வாடிக்கையாளர்கள் நேராக வாங்கப் போய்விட்டார்கள், உண்மைதான். ஆனால் நாங்கள் பயந்த அளவுக்குப் போகவில்லை. போனவர்களிலும் சிலர் சிக்கலான பயணம் என்றால் திரும்பி வந்தார்கள். இருபத்தைந்து வருஷம் எதற்குப் பயந்தோமோ, அதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும், வரப்போகும் பயணத்தின் டிக்கெட்டை எடுத்து, விமான நிறுவனத்தின் பக்கத்தில் திறந்து, நம்பரைப் பாருங்கள். தெரியவில்லை என்றால் ஞாயிறு காலை பத்திலிருந்து பதினொன்று வரை சங்க அலுவலகத்தில் இருப்பேன். டிக்கெட் வாங்கித் தர மாட்டேன். அந்தத் தொழிலை விட்டாயிற்று. உட்கார்ந்து பார்த்துச் சொல்வேன். பாஸ்போர்ட் எடுத்து வாருங்கள், கண்ணாடியும் எடுத்து வாருங்கள்.

சுண்டல் ஆறிவிட்டது என்று நினைக்கிறேன். மன்னிக்கவும்.